சக்கைக்குள் உறையும் சர்க்கரை

தைத் திங்கள் பிறக்கும் முன்னரே மயிலைத் தெப்பக்குளத்தைச் சூழ்ந்த வீதிகளில் கரும்புக் கட்டுகள் வந்து சாய்ந்து நிற்பதைக் காண்கிறோம். கோடை வந்துவிட்டால் அதே கரும்பு, தியாகராய நகர் முதல் அடையாறு வரை, தள்ளுவண்டிகளின் இரும்பு உருளைகளுக்கிடையே நசுங்கிச் சாறாகிறது. விற்பவர் ஒரே கழியை மடித்து மடித்து மூன்று நான்கு முறை உருளைக்குள் செலுத்துகிறார். இடையே இஞ்சித் துண்டும் எலுமிச்சையும் சேர்கின்றன. சாறு நம் கைக்கு வருகிறது. சக்கை வண்டிக்கு அடியில் உள்ள சாக்கில் விழுகிறது. மாலையில் அச்சாக்கைச் சிலபோது மாடு வளர்ப்போர் எடுத்துச் செல்வதுண்டு; பெரும்பாலும் குப்பை வண்டியே எடுத்துச் செல்கிறது.

'சக்கை' என்னும் சொல்லைப் பயன் தீர்ந்த பொருளுக்கே நாம் வழங்கி வருகிறோம். (குமரி மாவட்டத்தார் பலாப்பழத்தையே சக்கை என்பர்; அது வேறு கதை.) சாரத்தைக் கொள்க, சக்கையைத் தள்ளுக என்று மாணவர்க்கு ஆசிரியர்களாகிய நாமும் அறிவுறுத்துகிறோம். வேதியியல் இவ்விடத்தில் நம்மோடு முரண்படுகிறது. வாயில் வைத்தால் சிறிதும் இனிக்காத அச்சக்கையின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து அமைந்த பொருள்களே ஆகும். சர்க்கரை அங்கே இல்லாமற் போகவில்லை, பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அப்பூட்டைத் திறப்பது எங்ஙனம், திறந்தபின் அச்சர்க்கரையை எரிப்பதா அன்றி அதைக்கொண்டு வேறொன்று ஆக்குவதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கரும்பு நமக்கு அயலான பயிரன்று. அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்னும் செய்தியை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் தருகிறது. பட்டினப்பாலை, சோழநாட்டு வளம் கூறுமிடத்தில், கரும்பாலையின் தீப்புகை பட்டு அருகிருந்த வயலின் நெய்தற்பூ வாடியதைச் சொல்லாமல் விடவில்லை. ஆலை இனிப்பைத் தந்தது. அருகிருந்த பூவை வாட்டியது. இரண்டையும் ஒருசேரக் கண்ட புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆவார்.

ஹாஜியாரின் வினா

இம்மலருக்கு இப்பொருளில் எழுதவிருப்பதாகக் கூறியபோது, கல்லூரியின்பால் அன்புடைய ஹாஜியார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன பேராசிரியரே, நம் மலரில் சாராயத்தைப் பற்றியா எழுதப் போகிறீர்கள்?" என்று வினவினார். வினா நகைச்சுவையாக எழுந்தாலும் தள்ளத்தக்கதன்று. தாவரச் சர்க்கரையிலிருந்து எரிபொருள் என்றவுடன் எவர்க்கும் நினைவுக்கு வருவது எத்தனால் எனப்படும் ஆல்ககாலே. சமயத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. வேதியியலாசிரியன் என்ற அளவில் இரண்டு செய்திகளை மட்டும் அவரிடம் கூறினேன். வண்டிக்கு ஊற்றும் எத்தனால் பருகுவதற்குரியதன்று என்பது ஒன்று. சர்க்கரையிலிருந்து புறப்படும் பாதைகளுள் சாராயப் பாதை ஒன்றே ஒன்றுதான், மற்றப் பாதைகள் அவ்வழி செல்லாமலே எரிபொருளையும் மருந்தையும் நெகிழியையும் சென்றடைகின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி அவரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் செய்தது.

சொல் வரலாறு இங்குச் சுவையானது. 'அல்-குஹ்ல்' என்னும் அரபுச்சொல் முதற்கண் குறித்தது மதுவை அன்று. கண்ணுக்கு இடும் மிக நுண்ணிய மையை, நம் இல்லங்களில் சுர்மா எனப்படுவதைக் குறித்தது. நுண்பொடி என்ற பொருள் ஐரோப்பிய இரசவாதிகளின் கையில் 'பொருளின் சாரம்' என்று விரிந்து, 16-ஆம் நூற்றாண்டில் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாரத்தின்மேல் போய் நின்றது. வாலைவடிக்கும் கலமாகிய 'அல்-அன்பீக்' ஐரோப்பா சென்று 'அலெம்பிக்' ஆயிற்று. சர்க்கரையோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. நம் கற்கண்டின் பின்பாதியும், அரபியின் 'கந்த்' என்பதும், ஆங்கிலேயச் சிறுவர் கேட்கும் 'கேண்டி'யும் ஒரே குடும்பத்தவை.

நெல்லும் வைக்கோலும்

குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றில் 6 கார்பன் அணுக்களும் 12 ஹைட்ரஜன் அணுக்களும் 6 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. இம்மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒருவகையாகக் கோக்கப்பட்டால் ஸ்டார்ச், அதாவது மாச்சத்து, கிடைக்கிறது. பிணைப்பின் திசை சிறிது மாறினால் செல்லுலோஸ் கிடைக்கிறது. நெல்மணியில் இருப்பது முன்னது. வைக்கோலில் இருப்பது பின்னது. ஒரே மணியால் தொடுத்த இரு மாலைகள் என்னலாம். மாச்சத்து மாலை வளைந்து சுருண்டு நீரை உள்ளே விடுகிறது; ஆகவே சோறு வேகிறது, நமக்குச் செரிக்கிறது. செல்லுலோஸ் மாலை நேராக நீண்டு, அடுத்த மாலையோடு அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு, நீரையும் நம் வயிற்றின் நொதிகளையும் உள்ளே விடுவதில்லை. எத்தனை விசில் வந்தாலும் குக்கரில் வைக்கோல் வேகாது. மாடு வைக்கோலைத் தின்று பால் தருவது அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உதவியால்தான்.

கரும்புச் சக்கையும் வைக்கோலின் இனத்தது. அதில் செல்லுலோசுடன் ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருளும், இவ்விரண்டையும் சிமெண்ட் போல் பிணைத்து நிற்கும் லிக்னினும் உள்ளன. ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் 5 கார்பன் கொண்ட சைலோஸ் என்னும் சர்க்கரையால் ஆனது. லிக்னின் சர்க்கரை அன்று; மரத்துக்கு வலிமை தருவது அதுவே.

செல்லுலோஸ் எவ்வளவு பிடிவாதமானது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். நாம் காப்பியில் இடும் சர்க்கரையாகிய சுக்ரோஸ், தூய நீரில், 25 பாகை செல்சியசில், அமிலமோ நொதியோ இன்றித் தானாகவே பாதியளவு பிரிவதற்கு ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகும் என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் கணித்தனர். செல்லுலோசின் பிணைப்புக்கோ ஆண்டுகளை இலட்சக்கணக்கில் எண்ண வேண்டும். ஆயினும் ஈஸ்ட்டிலுள்ள ஒரு நொதி சுக்ரோசை நிமிடங்களில் பிரித்துவிடுகிறது. 440 ஆண்டுகளை நிமிடங்களாகச் சுருக்கும் அப்பொருளே வினையூக்கி.

பெயர் பற்றி ஒரு சொல்

தமிழ்த்துறை மலரில் எழுதும்போது கலைச்சொல்லைப் பற்றிப் பேசாமல் கடந்து செல்வது முறையாகாது. நம் பாடநூல்களில் 'வினையூக்கி', 'வினைவேக மாற்றி' என்னும் இரண்டும் வழங்கியுள்ளன. சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியஸ் 1835-இல் ஆண்ட 'கேட்டலிசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அவிழ்த்தல், தளர்த்தல்' என்பது பொருள். சீன மொழியில் வினையூக்கியைக் குறிக்கும் ஒரு சொல்லில் திருமணத் தரகரைக் குறிக்கும் எழுத்தே அமைந்துள்ளது. எனக்கு இது மிகப் பிடித்த உவமை. தரகர் இரு வீட்டாரையும் ஒன்றுகூட்டுகிறார். மணம் முடிந்தபின் தம் வழியே அடுத்த வீட்டுக்குச் செல்கிறார். பொருந்தாத இருவரை அவராலும் பொருத்த இயலாது. வினையூக்கியும் அவ்வாறே, இயற்கை விதி இடந்தராத வினையை அது நிகழ்த்துவதில்லை.

சாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில் 'அல்-இக்ஸீர்' என்னும் பொருள் பேசப்படுகிறது. சிறிதளவு இட்டால் தாழ்ந்த உலோகத்தை உயர்ந்ததாக மாற்றும் என்று கருதப்பட்ட பொடி அது. நம் சித்தர் மரபின் குளிகைக்கும் இத்தகைய ஆற்றல் கூறப்பட்டது. ஈயம் பொன்னாகவில்லை. ஆனால் 'சிறிதளவு இட்டால் பேரளவு மாறும்' என்ற அவர்கள் எதிர்பார்ப்பு, உலோகத்தை விட்டு வேறிடத்தில் மெய்யாயிற்று.

'வினைவேக மாற்றி' என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. வினையூக்கியின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. ஒரே சர்க்கரையிலிருந்து பத்துப் பொருள்கள் உண்டாகக்கூடும் என்னும்போது, அவற்றுள் ஒன்றை மட்டும் விளைவித்து ஏனையவற்றை ஒதுக்குவதே அதன் அரிய பணி. இதனைத் தேர்வுத்திறன் என்கிறோம். அதனை எந்தச் சொல்லும் காட்டவில்லையாயினும், 'வினையூக்கி' குறுகியதாகவும் செவிக்கு இனியதாகவும் இருப்பதால் அதனையே இங்கு ஆள்கிறேன்.

கந்தலிலிருந்து சர்க்கரை

1811-இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்க்காஃப் என்பவர், பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பிசினுக்கு மாற்றுத் தேடி, மாவை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தார். பிசின் வேண்டியவருக்குச் சர்க்கரைப் பாகு கிடைத்தது. அமிலம் சிறிதும் செலவாகாமல் அப்படியே இருந்தது அவரை வியக்கச் செய்தது. 1819-இல் பிரான்சின் பிராக்கொன்னோ என்பார் மாவை விட்டுக் கந்தல் துணியையும் மரத்தூளையும் எடுத்துக்கொண்டு, அடர் கந்தக அமிலத்தால் அவற்றையும் சர்க்கரையாக்கினார். ஒரு பவுண்டு கந்தலிலிருந்து ஒரு பவுண்டுக்கு மேற்பட்ட சர்க்கரை பெறலாம் என்று அவர் அறிவித்தபோது கேட்டவர் நகைத்திருப்பர். கணக்கு அவர் பக்கமே. செல்லுலோசின் ஒவ்வொரு கண்ணியும் அவிழும்போது ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்கிறது. 162 கிராம் செல்லுலோஸ் 180 கிராம் குளுக்கோஸ் ஆகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பூட்டு திறந்துவிட்டது என்றால் இன்னும் ஏன் சக்கை குப்பைக்குப் போகிறது? அடர் அமிலம் இரும்புக் கலத்தை அரிக்கிறது. அதைச் சர்க்கரையிலிருந்து மீட்டெடுக்கும் செலவு சர்க்கரையின் விலையைத் தின்றுவிடுகிறது. நீர்த்த அமிலமோ அதிக வெப்பத்தை வேண்டுகிறது. அவ்வெப்பத்தில், விடுபட்ட சர்க்கரை உடனே கருகத் தொடங்குகிறது.

சாராயக் கணக்கு

எத்தனாலின் பக்கம் நியாயமாக ஒரு கணக்கு உண்டு; அதை மறைத்தல் கூடாது. 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் அதிகபட்சம் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். எடையில் பாதியும், 6 கார்பன்களுள் 2-உம் காற்றோடு போய்விடுகின்றன. எனினும் குளுக்கோசில் இருந்த எரியாற்றலில் ஏறத்தாழ 97 விழுக்காடு அந்த 92 கிராம் எத்தனாலில் தங்கிவிடுகிறது. எரிப்பதே நோக்கமாயின் ஈஸ்ட்டைவிடச் சிக்கனமான கணக்கரைக் காண்பது அரிது.

இந்தியாவில் பெட்ரோலுடன் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2003-இல் சில மாநிலங்களில் தொடங்கியது. 2022-இல் 10 விழுக்காடும், 2025-இல் 20 விழுக்காடும் எட்டப்பட்டன. இன்று அடையாற்றில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும் மாணவர், அறிந்தோ அறியாமலோ, தாவரச் சர்க்கரையையும் சேர்த்தே வாங்குகிறார். ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினதில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், ஆற்றல் கணக்கில் அந்த ஒரு லிட்டர் கலவை 6 அல்லது 7 விழுக்காடு குறைவுடையது.

இடர் வேறிடத்தில் உள்ளது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, கரும்பின் வழியாக ஒரு லிட்டர் எத்தனால் பெறச் சுமார் 2,860 லிட்டர் நீர் தேவை என்று குறிக்கிறது. 2019-இன் கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிக்கு இவ்வெண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மொலாசஸ் ஆலையின் மிச்சம். அதிலிருந்து எத்தனால் வடிப்பதில் குறை கூற இடமில்லை. ஆனால் தேவை பெருகியபோது சாறே சாராயமாகத் தொடங்கியது. மக்காச்சோளமும் அரிசியும் உடன் சேர்ந்தன. 2023 டிசம்பரில் சர்க்கரை விளைச்சல் குறையும் என்ற அச்சத்தால் அரசு கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவதைத் தடுத்ததும், 2024 ஆகஸ்டில் அத்தடையை விலக்கியதும், உணவுக்கும் எரிபொருளுக்கும் இடையே உள்ள இழுபறியைக் காட்டுவன.

இவ்விழுபறியிலிருந்து விடுபட வேண்டுமாயின் மணியை விட்டு வைக்கோலுக்கும், சாற்றை விட்டுச் சக்கைக்கும் செல்ல வேண்டும். அரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் பெறுவதற்கென அது திட்டமிடப்பட்டது. அங்கே செல்லுலோசை அவிழ்ப்பவை நொதிகள். நொதிகளும் வினையூக்கிகளே, உயிர் தந்த வினையூக்கிகள்.

எத்தனாலின் பயணம் வண்டியின் எஞ்சினிலேயே முடிய வேண்டும் என்பதுமில்லை. அலுமினா போன்ற வினையூக்கியின்மேல் சூடான எத்தனால் ஆவியைச் செலுத்தினால் நீர் பிரிந்து எத்திலீன் வாயு கிடைக்கும். உத்தராகண்ட் மாநிலத்துக் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம் 1989 முதல் மொலாசஸ் எத்தனாலை எத்திலீனாக்கி, அதிலிருந்து எத்திலீன் கிளைக்கால் செய்து வருகிறது. பாலியஸ்டர் நூலுக்கு அது ஒரு மூலப்பொருள். தியாகராய நகர்த் துணிக்கடைகளில் அடுக்கியிருக்கும் பாலியஸ்டர்ச் சேலைகளுள் ஏதேனும் ஒன்றில் கரும்பின் கார்பன் இருந்தால் வியப்பதற்கில்லை.

கார்பனை இழக்காத பாதை

இனி, ஹாஜியாரை உட்கார வைத்த இரண்டாம் செய்திக்கு வருவோம். நிக்கல் உலோகத்தின் நுண்துகள்மேல் எண்ணெயையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் வனஸ்பதி கிடைக்கும். எண்ணெய்க்குப் பதில் குளுக்கோஸ் கரைசலை அங்கு வைத்தால் சார்பிட்டால் கிடைக்கும். 180 கிராம் குளுக்கோஸ் 182 கிராம் சார்பிட்டால் ஆகிறது. ஒரு கார்பனும் வீணாவதில்லை. காலையில் நாம் பல் துலக்கும் பசை உலர்ந்து போகாமல் இருப்பதற்கும், சர்க்கரை நோயாளிக்கெனச் செய்யும் சில இனிப்புகளுக்கும், வைட்டமின் சி தயாரிப்புக்கும் அது பயன்படுகிறது.

அந்தச் சார்பிட்டாலை நடுவே பிளந்தால் என்ன? 6 கார்பன் கொண்டது 3, 3 ஆகப் பிரிந்து புரோப்பிலீன் கிளைக்கால் ஆகும். மருந்துப் பாகுகளிலும், ஒப்பனைப் பொருள்களிலும், கண்ணாடியிழைப் படகுகளுக்கான பிசினிலும் சேரும் இப்பொருளைப் பெட்ரோலியத்திலிருந்தே உலகம் பெரிதும் பெற்று வந்துள்ளது. இவ்வாராய்ச்சி நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. அடையாற்றை அடுத்து, கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில், 2006 முதல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. பேராசிரியர் பா. விசுவநாதன் முதலியோர் அதை வளர்த்தனர். 2011, 2012 ஆண்டுகளில் அம்மையத்தார் வெளியிட்ட ஆய்வுரைகள், ஒய் வகைச் சியோலைட்டின்மேல் நிக்கல், பிளாட்டினம், ருத்தீனியம் ஆகிய உலோகங்களைப் படியவைத்துச் சார்பிட்டாலைப் பிளப்பதைப் பற்றியவை.

சியோலைட் என்பது அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தமைந்த படிகம். கண்ணுக்கு வெண்பொடி, உள்ளே சல்லடை. ஒய் வகையின் வாயில்கள் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் அகலமுடையவை. கலத்தில் நிகழ்வதை எளிய முறையில் இவ்வாறு கூறலாம்: உலோகம் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைச் சிறிது கழற்றுகிறது, தளர்ந்த மூலக்கூறு நடுவே முறிகிறது, முறிந்த துண்டுகளுக்கு உலோகமே மீண்டும் ஹைட்ரஜனைப் பூட்டுகிறது. கழற்றுவதும் பூட்டுவதும் ஒரே கை. உலோகம் அளவு மீறி ஊக்கம் கொண்டால் முறிந்த துண்டுகளை மேலும் மேலும் முறித்து மீத்தேன் வாயுவாக்கிவிடும்; ஊக்கம் குன்றினால் சார்பிட்டால் சார்பிட்டாலாகவே கிடக்கும். முன்னர்க் கூறிய தேர்வுத்திறன் இங்கேதான் சோதனைக்கு உள்ளாகிறது.

கணக்கை ஒப்பிடுக. 180 கிராம் குளுக்கோஸ் எத்தனாலானால் 92 கிராம். புரோப்பிலீன் கிளைக்காலானால் கொள்கையளவில் 152 கிராம், ஆறு கார்பனும் குறையாமல். இதற்கு ஹைட்ரஜன் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்து வருமாயின் 'பசுமை' என்ற அடைமொழியைப் பாதி குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். சர்க்கரைக் கரைசலையே பிளாட்டினத்தின்மேல் சூடாக்கி ஹைட்ரஜன் பெறலாம் என்று 2002-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டுமேசிக் குழுவினர் காட்டியது இவ்வகையில் ஒரு ஆறுதல்.

வேறொரு பாதை தேனிலிருந்து புறப்படுகிறது. தேனைச் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ அதிலுள்ள பழச்சர்க்கரை மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபூரல் என்னும் பொருளாகச் சிறிது மாறும். உணவு ஆய்வகத்தார் தேனின் தரம் காண இதனை அளக்கின்றனர். இந்திய விதிப்படி கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. தேனில் குற்றமாகக் கருதப்படும் அதே மூலக்கூறு வேதியியலார்க்குப் பெருஞ்செல்வம். அதனை ஆக்சிஜனேற்றம் செய்தால் பாலியஸ்டர் போன்றதொரு நெகிழிக்குரிய அமிலம் கிடைக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் நகரில் அவன்டியம் நிறுவனம் ஆண்டுக்கு 5,000 டன் அளவில் இவ்வமிலம் செய்வதற்கான ஆலையை 2024 அக்டோபரில் திறந்தது.

5 கார்பன் சைலோசும் வீணன்று. அமிலத்தில் சூடாக்கினால் அது ஃபர்ஃபூரல் ஆகும். அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், தன் முற்றத்தில் மலையாகக் குவிந்த ஓட்ஸ் உமியைக் கொண்டு 1920-களிலேயே ஃபர்ஃபூரல் தயாரிக்கத் தொடங்கியது. இன்றும் வார்ப்படத் தொழிலில் மணல் அச்சுகளை இறுக்கும் பிசின் இதிலிருந்து செய்யப்படுகிறது. நூறாண்டுப் பழமையுடைய தொழில். புதுமை என்று மயங்க வேண்டாம்.

பாகு பதம்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர் இவ்வாராய்ச்சியின் இன்னலை எளிதில் உணர்வர். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று படிப்படியாக ஏறும் பாகு, கண் சிமிட்டும் நேரத்தில் கருகிவிடுகிறது. ஆய்வுக் கலத்திலும் நிகழ்வது அதுவே. பெட்ரோலியத்தை ஆவியாக்கி வினையூக்கியின்மேல் செலுத்தலாம். சர்க்கரையை ஆவியாக்க முடியாது, அதற்கு முன்பே கருகிவிடும். ஆகவே நீரில் கரைத்தே பணிபுரிய வேண்டும். கருகிய சர்க்கரை 'ஹியூமின்' என்னும் கரும்பிசினாகி வினையூக்கியின் நுண்துளைகளை அடைக்கிறது. பெட்ரோலிய ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒய் வகைச் சியோலைட், 150 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் சில மணி நேரத்திலேயே கட்டுக்குலைகிறது. நிக்கல் சிறிது சிறிதாக நீரில் கரைந்து போகிறது. ஆய்வரங்குகளில் புதிய வினையூக்கி 90 விழுக்காடு விளைவு தந்தது என்று கேட்கும்போதெல்லாம், ஐம்பதாவது முறை பயன்படுத்தியபோது எத்தனை என்று வினவத் தோன்றும். வினவினால் அரங்கில் அமைதி நிலவுவதுண்டு.

சக்கை யாருடையது?

வேதியியல் வினா தீர்ந்தாலும் பொருளியல் வினா ஒன்று காத்திருக்கிறது. ஒரு டன் கரும்பை ஆலையில் பிழிந்தால் 250 முதல் 300 கிலோ வரை ஈரச்சக்கை மிஞ்சும். அது அங்கே எவரும் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. சர்க்கரை ஆலைகள் அதனையே கொதிகலனில் எரித்துத் தமக்கு வேண்டிய நீராவியையும், விற்பனைக்கு மின்சாரத்தையும் பெறுகின்றன. மேலும், 1979-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூரை அடுத்த காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்து வருகிறது. ஆலைகள் தம் சக்கையை அதற்குக் கொடுத்து, ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ பெறும் ஏற்பாடும் உண்டு. மாணவர் தேர்வு எழுதும் தாளில் கரும்பு இருக்கக்கூடும். மரத்தை வெட்டாமல் காகிதம் பெறும் அத்தொழிலிடமிருந்து சக்கையைப் பறித்து வண்டியில் எரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆயின் காகிதத்துக்கு முழுச் சக்கையும் உதவாது. நார் மட்டுமே வேண்டும். கரும்பின் உட்புறத்துப் பஞ்சுபோன்ற மென்துகளை ஆலைக்காரர் 'பித்' என்பர். அது தாளின் வலிமையைக் கெடுப்பதால் முதலிலேயே சலித்து நீக்கப்பட்டுக் கொதிகலனுக்குப் போகிறது. சக்கையின் எடையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் செல்லுலோஸ் உண்டு, சைலோஸ் உண்டு. நுண்ணிய துகளாகவே இருப்பதால் அரைக்கும் செலவும் குறைவு. ஓரிடத்தில் குவிந்தே கிடைப்பதால் ஊர் ஊராகச் சென்று திரட்டும் செலவும் இல்லை. அடையாற்று ஆய்வகங்களில் பயிலச் செல்லும் நம் மாணவருள் எவரேனும் இப்பொருளில் ஈடுபட விரும்பினால், தூய குளுக்கோஸ் புட்டியைத் திறப்பதற்கு முன் காகிதபுரத்திலிருந்து ஒரு மூட்டைப் பித்தைக் கொணருமாறு கூறுவேன். அதிலுள்ள சாம்பலும் மண்ணும் வினையூக்கியை எத்தனை நாளில் செயலிழக்கச் செய்கின்றன என்பதே அவர் முதலில் அளக்க வேண்டியது.